கீழ் ரெண்டு

லிஃப்ட்காரர் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் நலம் விசாரிப்பது லிஃப்டைத்தான். ஏறியதும் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். நின்றதும் குனிந்து, லிஃப்ட் தரையும் மாடித் தரையும் சரியாக ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பார். ஒரு விரல் உயரம் கூடக்குறைய இருந்துவிட்டால் போதும், போன காரியம் மறந்துபோகும். "அது நம்ம கம்பெனி லிஃப்டா? யாரோ பார்த்துக்குவாங்க, வாங்க பேசாம" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தால்தான் நகர்வார். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட்களைப் பழுது பார்த்து, அடுத்தவர்களை ஏற்றி இறக்கியே பிழைப்பவர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே திரும்பத் தோன்றாது.

அவருக்கு ஒரே பெண், ஒன்பது வயது. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர். காலையில் கண்ணைத் திறக்கும்போதே வாயையும் திறப்பாள். பல் தேய்க்கும்போதும் நுரையோடு ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். "கொஞ்சம் மூச்சு விட்டுக்கோடி" என்று அம்மா சொன்னால், மூச்சு எப்படி உள்ளே போய் எப்படி வெளியே வருகிறது என்று ஆரம்பித்துவிடுவாள். ஆனால் வாசல்படியைத் தாண்டியதும் ரேடியோ அணைந்துவிடும். லிஃப்டில் வேற்று ஆள் ஒருவர் இருந்தாலும் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றுகொள்வாள். ஒரு சத்தம் வராது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்து இரண்டு வருஷம் அவள் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அடமும் இல்லை, திமிரும் இல்லை. பேசலாம் என்று நினைக்கும்போதே தொண்டையில் கதவு மூடிக்கொள்கிறது என்று பின்னால் அவளே அப்பாவிடம் சொன்னாள். டாக்டர் பார்த்துவிட்டு, நாக்கிலும் காதிலும் ஒரு குறையும் இல்லை என்றார். "அவசரப்படுத்தாதீங்க. தானா பேசுவா." டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார், ஆசிரியைக்கு யார் சொல்வது? வாரம் தவறாமல் அவரிடமிருந்து போன் வரும். "சார், உங்க பொண்ணு பேச மாட்டேங்கிறா." ஏதோ லிஃப்ட் நின்றுபோன புகார் மாதிரி லிஃப்ட்காரரும், "பார்க்கிறேன் மேடம்" என்பார். என்னத்தைப் பார்ப்பது?

அந்தச் சமயத்தில், புதிதாக வாங்கிய டிபன் பாக்ஸ் கொடுத்தபடியே திரும்பி வர ஆரம்பித்தது. பிள்ளைக்குச் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா ஒரு மாதம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள். ஒருநாள் லிஃப்ட்காரர் அந்தப் பாக்ஸை எடுத்து, வீணாக்க வேண்டாம், நாமே சாப்பிட்டுவிடலாம் என்று மூடியைத் திறக்கப் பார்த்தார். வரவில்லை. கடைசியில், அம்மா தினமும் கத்தியை விட்டு நெம்புகிற மாதிரி, ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்ப வேண்டியிருந்தது.

"இதை நீ எப்படிம்மா திறக்கிற?"

"எனக்குத் திறக்க வராதுப்பா."

"டீச்சர்கிட்ட குடுத்துத் திறந்து தரச் சொல்றதுதானே?"

அவள் அப்பாவையே பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. ஊரில் சிக்கிக்கொண்ட கதவையெல்லாம் ஓடிப்போய்த் திறந்துவிடுகிற மனுஷன், தன் பெண் ஒரு மாதமாக ஒரு மூடியைத் திறக்கத் தெரியாமல், கேட்கவும் முடியாமல், பட்டினியாக உட்கார்ந்திருந்ததை அறியாமல் இருந்திருக்கிறார். அன்றைக்கு அவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். மனைவிதான் அழாமல் சொன்னாள்: "இனிமே வீட்லயே படிக்கட்டும்."

சொல்வது சுலபம். அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிஃப்ட். அவர் மேனேஜரிடம் நடையாய் நடந்து மதிய ஷிஃப்ட் வாங்கினார். அவள் வந்து பையை வைப்பதும் இவர் பையை எடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது வாசல்படியில் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில்தான் காய்கறி வாங்கியாயிற்றா, துணி காய்ந்ததா, ரேடியோ எத்தனை பக்கம் படித்தாள் எல்லாம் முடிய வேண்டும்.

முதல் வாரம் லிஃப்ட்காரருக்கு வாத்தியார் வேகம் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவில் நேர அட்டவணை ஒட்டினார். காலை ஒன்பதுக்கு வெளியே போய் நின்றுகொண்டு வாசல் மணியை நீளமாக அடித்தார், பள்ளிக்கூட மணி மாதிரி இருக்கட்டும் என்று. உள்ளே வந்து பார்த்தால் ரேடியோ சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள்ளேயே பேச்சு நின்றுபோயிருந்தது. அவர் கட்டரை எடுத்து வாசல் மணியின் ஒயரைத் துண்டித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வருபவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். அட்டவணையும் குப்பைக்குப் போயிற்று.

படிப்பு, எழுத்து, அறிவியல் எல்லாம் அம்மா பக்கம் போக, கணக்கு இவர் தலையில் விழுந்தது.

"எனக்கும் கணக்குக்கும் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தினமும் மாடி எண்ணுறீங்களே, அது என்னவாம்?"

அவர் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவர். இப்போது நாலாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கருவிப் பையில் போட்டுக்கொண்டு போய், மெஷின் ரூமில் சாப்பாட்டு வேளையில் முட்டி மோதிப் படித்தார். பக்கமெல்லாம் கிரீஸ் கறை. சைபருக்குக் கீழேயும் எண்கள் உண்டு என்கிற பாடம் மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை. இல்லாததற்குக் கீழே என்ன இருக்க முடியும்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு லிஃப்டில் ஏறியபோதுதான் பொறி தட்டியது. அவர்கள் கட்டடத்தில் தரைத்தளத்துக்கு 0. வண்டி நிறுத்தத் தரைக்குக் கீழே இரண்டு தளம். வீடு மூன்றாம் மாடி. மறுநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ரேடியோவோடு மேலும் கீழுமாகப் போய் வந்தார். மூன்றிலிருந்து ஐந்து தளம் இறங்கினால் வண்டி நிற்கிற இடம். அதற்கு ரேடியோ வைத்த பேர் கீழ் ரெண்டு. ஒரு வாரத்தில் அவளுக்கு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

"மைனஸ்னு சொல்லிக்குடுங்க" என்றாள் மனைவி. "நாளைக்கு வெளியே போய் கீழ் ரெண்டுன்னா எவனுக்குப் புரியும்?"

"முதல்ல வெளியே போய்ப் பேசட்டும். என்ன பேர் வேணா சொல்லட்டும்."

வீட்டில் படிக்கவைக்க வருஷாவருஷம் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். முதல் வருஷம் எழுதிக் காட்டினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். இந்த வருஷம் வந்த கடிதத்தில், பிள்ளை அதிகாரியின் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்த பருவத்திலிருந்து பள்ளிக்கூடம் என்று இருந்தது. லிஃப்ட்காரர் அதைக் கருவிப் பையில் வைத்துக்கொண்டு வேளைக்கு ஒருதரம் எடுத்துப் படித்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா வேறு வந்து, "பிள்ளைய வீட்டுக்குள்ளயே வச்சு அடைகாக்குறீங்க. நாலு பேரோட பழகினாத்தானே பேச்சு வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அக்கா சொல்வது சரியாக இருந்துவிடுமோ என்பதுதான் அவருக்குப் பெரிய பயம். எல்லாம் தானே கெடுத்துவிட்டோமோ?

குறித்த நாளில் லேபில் இன்னொருத்திக்குக் காய்ச்சல். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. "போனை கோட்டுப் பாக்கெட்லயே வச்சிருப்பேன். முடிஞ்ச உடனே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பெண்ணின் பக்கம் திரும்பி, "மைனஸ்டி, மறந்துடாதே" என்றாள்.

"அது நல்லாவே இல்லம்மா. பூனை தும்முற மாதிரி இருக்கு."

கல்வி அலுவலகத்திலும் அறை மூன்றாம் மாடிதான். லிஃப்டில் ரேடியோ பட்டன்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். லிஃப்ட்காரர் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். சின்ன அதிர்வு இருந்தது. போகும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அதிகாரி நடுவயதுப் பெண். மூக்கு நுனியில் கண்ணாடி. கெட்டவராகத் தெரியவில்லை. ஒரு பக்கம் படிக்கக் கொடுத்துக் கேள்விகளை நீட்டினார். ரேடியோ மளமளவென்று எழுதித் தந்தாள். அவர் படித்துப் பார்த்து, தலையை ஆட்டி, படிவத்தில் டிக் போட்டார். வாய்மொழி என்று போட்டிருந்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"உன் பேரைச் சொல்லும்மா."

சத்தம் இல்லை.

"எந்தப் பாடம் பிடிக்கும்?"

அதற்கும் இல்லை. அதிகாரி லிஃப்ட்காரரைப் பார்த்தார். "எழுத்தெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஒரு கேள்விக்காவது அவளே வாயால சொல்லணும். இல்லேன்னா இந்தக் கட்டத்துல நான் என்ன எழுதறது? நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது."

"இல்லைங்க மேடம்" என்றார்.

"சரி, கணக்கு. மூணுலேர்ந்து அஞ்சு போனா என்ன?"

லிஃப்ட்காரருக்கு உட்கார்ந்த இடத்தில் ஒரு துள்ளல். மூன்றிலிருந்து ஐந்து! வீட்டுக் கதவிலிருந்து வண்டி வரைக்கும்! தினமும் அவளே பட்டனை அழுத்திக்கொண்டு போகிற வழி. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

ரேடியோ வாயைத் திறக்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. அதிகாரி பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தார். இந்த மௌனம் லிஃப்ட்காரருக்குத் தெரிந்த மௌனம். இரண்டு வருஷம் ஆசிரியை போனில் புகார் சொன்ன மௌனம். இதற்கே பதில் வரவில்லை என்றால் இனி எதற்கும் வராது. திறக்காத டிபன் பாக்ஸ் கண்ணுக்குள் வந்து நின்றது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

"எந்தக் கட்டடத்துல?"

யார் பேசியது என்று லிஃப்ட்காரர் ஒரு கணம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதிகாரியும் நிமிர்ந்தார்.

"என்னம்மா கேட்ட?"

"எந்தக் கட்டடத்துலன்னு சொன்னாத்தான் சொல்ல முடியும்." குரல் சன்னமாகத்தான் இருந்தது. ஆனால் நிற்கவில்லை. "எங்க வீட்டுக் கட்டடத்துல சைபர் இருக்கு. அங்க மூணுலேர்ந்து அஞ்சு இறங்கினா கீழ் ரெண்டு. உங்க லிஃப்ட்ல சைபரே இல்ல. ஒண்ணுக்கு அப்புறம் நேரா கீழ் ஒண்ணு போட்டிருக்கு. அதனால இங்க கீழ் மூணு. ஆனா பட்டன் கீழ் ஒண்ணோட முடிஞ்சிடுச்சு. போகணும்னா இன்னும் ரெண்டு தளம் தோண்டணும்."

அதிகாரி விரலை விட்டு எண்ணினார். மூன்று, இரண்டு, ஒன்று என்று உதடு அசைந்தது. ஒருதரம் எண்ணிவிட்டு, சந்தேகமாக இன்னொருதரம் எண்ணினார்.

"பதினோரு வருஷமா அதுல ஏறி இறங்கறேன்" என்றார். "சைபர் இல்லேன்னு நான் பார்த்ததே இல்ல."

"யாரும் பார்க்க மாட்டாங்க" என்று ரேடியோ ஆறுதல் சொன்னாள். "எங்க அப்பா மட்டும் பார்ப்பாரு."

உண்மையில் அப்பாவும் பார்த்திருக்கவில்லை. அதிர்வைப் பார்த்தவர் பட்டனைப் பார்க்கவில்லை.

"அப்போ நான் எந்த விடையை எழுதிக்கட்டும்?"

"புத்தகத்துக்குன்னா மைனஸ் ரெண்டு. அப்படிச் சொல்லச் சொல்லி அம்மா சொன்னாங்க. எனக்கு அந்தப் பேர் பிடிக்கல."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு வாய்மொழிக் கட்டத்தில் எழுத ஆரம்பித்தார். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தாளை லிஃப்ட்காரர் பக்கம் தள்ளினார். "இன்னும் ஒரு வருஷத்துக்கு அனுமதி. இப்படியே சொல்லிக்குடுங்க."

லிஃப்ட்காரர் கும்பிட்டாரா, தலையை மட்டும் ஆட்டினாரா என்பது அவருக்கு நினைவில்லை. வெளியே வந்து நடைபாதைப் பெஞ்சில், காத்திருந்த நாலைந்து பேருக்கு நடுவில் பொத்தென்று உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்திருந்தது. கிரீஸ் கறை படிந்த விரல்களால் அந்தத் தாளை மறுபடி விரித்துப் பார்த்தார். தான் எதையும் கெடுத்துவிடவில்லை. மூடிக்கொண்டதாக நினைத்த கதவுக்குப் பின்னால் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"என்னங்க? முடிஞ்சுதா? பேசினாளா?"

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். தொண்டை அடைத்துக்கொண்டது. மறுபடி முயன்றார். காற்றுதான் வந்தது.

"என்னங்க, பயமா இருக்கு. என்ன ஆச்சு? ஏதாவது சொல்லுங்களேன்."

ரேடியோ அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, வீட்டில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"அம்மா, அப்பா பேச மாட்டேங்கிறாரு. நீ அவசரப்படுத்தாதே. தானா பேசுவாரு."