சூட்டுத் தொட்டி

மாட்டுப்பண்ணை வீட்டுக்கு மருமகளாக வந்தவளுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை கரு கலைந்தது. மாமியார் "ராசி கெட்டவ" என்று அவள் காதுபடவே சொன்னாள். அதே வருஷம் பண்ணையில் நாலைந்து மாடுகளும் மாதம் நிறையாமல் கன்று போட்டன. மாடுகளின் ராசியை யாரும் பேசவில்லை. அவற்றுக்கு டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

வந்த மாட்டு டாக்டர், சாணம் அள்ளிக்கொண்டிருந்தவளையும் கவனித்தார்.

"சாயங்காலமானா காய்ச்சல் வருதாம்மா? மூட்டு வலிக்குதா?"

ரத்தத்தைச் சோதித்ததில் மாட்டுக்கும் அவளுக்கும் ஒரே கிருமி. செத்த கன்றுகளை வெறுங்கையால் தூக்கிப்போட்டவள் அவள்தான். கரு கலைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார்.

நோய் கண்ட மாடுகளை அகற்றினார்கள். டாக்டர் சொற்படி புருஷன் சாண எரிவாயுத் தொட்டி கட்டினான். மூடிய தொட்டியில் சாணம் புளித்து கேஸ் வரும். அதில் ஒரு பங்கை எரித்து, மிஞ்சும் கரைசலைப் பக்கத்துத் தொட்டியில் நன்றாகச் சூடாக்கினால்தான் கிருமி சாகும்; அப்புறம்தான் அதை வயலுக்கு உரமாகத் தரலாம். சூட்டுத் தொட்டி அவள் பொறுப்பு.

குளிர் வந்ததும் கேஸ் குறைந்தது. மாமியார் சத்தமில்லாமல் மொத்தத்தையும் சமையலறைக்குத் திருப்பிவிட்டாள். உரம் ஏற்ற டிராக்டர்காரர் வந்த காலையில் தொட்டி ஆறிக் கிடந்தது.

"இன்னைக்குத் தர முடியாதுங்க. சூடு ஏறல."

"சாணிக்கு என்னம்மா பதம் பார்க்கிறே, சோறா வடிக்கிறே?"

மாமியார் உள்ளிருந்து வந்தாள். "கொடுத்தனுப்பு. புள்ள பெக்கத் துப்பில்ல, வீம்புக்குக் குறைச்சலில்ல."

"இவர் மருமக முழுகாம இருக்கா, அத்தை. அந்த வயல்ல அவதான் களை எடுக்கிறா."

டிராக்டர்காரர் முறைத்துக்கொண்டு போய், வேறொரு பண்ணையில் பச்சைச் சாணத்தை ஏற்றிக்கொண்டார். கேள்விப்பட்டதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் வீட்டுக்கே போனாள். வீட்டார் வாசல் கதவைத் திறக்கவில்லை; கரு கலைந்தவள் நிழல் அவர்கள் மருமகள்மேல் விழக்கூடாதாம். வெளியே நின்றபடியே சொன்னாள்:

"அந்தச் சாணியத் தொடாதேம்மா. பிரசவம் ஆகிறவரைக்கும் வயல் பக்கம் போகாதே."

சாபம் விட்டுப் போனாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அன்று புருஷன் சமையலறைக் குழாயைக் கழற்றி எறிந்தான். "நீ விறகு எரிச்சுக்கோம்மா" என்றான். தாய்க்கு எதிராக அவன் பேசியது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு மாமியார் மருமகளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

டிராக்டர்காரர் மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆனது. சொன்னதைக் கேட்டாளா, தப்பித்தாளா, தெரியவில்லை. குழந்தையைப் பார்க்க இவளை யாரும் கூப்பிடவில்லை.

மாதக்கணக்கில் மாத்திரை தின்றதில் காய்ச்சல் விட்டது, மூட்டுவலி விடவில்லை. மறுபடி கரு தங்கவும் இல்லை. காலையில் சுவரைப் பிடித்தே எழுந்து தொட்டிக்குப் போகிறாள்.