மணிக்கட்டைப் பிடிக்க ஒரு ஆள்

சூசையம்மாளுக்கு நாலு பெண்ணுக்குப் பிறகு பிறந்தவர் ஞானமுத்து. அக்காமார் நாலு பேரும் வாக்கப்பட்டு ஆளுக்கொரு திக்காய்ப் போனார்கள். அம்மாவும் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு அவருக்குப் பெண் பார்க்க ஆளில்லை. சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் சரக்கு நிறுப்பார். பொழுது சாய்ந்தால் பழங்காநத்தத்துத் தகரக் கொட்டகைக்கு வந்துவிடுவார். அங்கேதான் ஐகிடோ என்கிற தற்காப்பு வித்தை பழகும் கிளப்.

ஆரம்பித்தவர் இன்பசேகரன். கப்பல் வேலைக்குப் போன இடத்தில், பம்பாயில் கற்றுக்கொண்டு எழுபத்தாறாம் வருசம் ஊர் திரும்பியவர். வைக்கோலைப் பரப்பி, மேலே படுதாவை இழுத்துக் கட்டி, அதில்தான் பயிற்சி. அடிக்கிற வித்தை இல்லை அது. ஒருத்தன் மணிக்கட்டைப் பிடிப்பான். மற்றவன் அவன் பலத்தையே திருப்பி அவனைச் சாய்ப்பான். இன்பசேகரன் பிடித்தால் நரம்பு தெறிக்கும். "திமிறாதடா, திரும்பு" என்பார். எண்பதில் மறுபடி கப்பலேறியவர், கிளப்பை ஞானமுத்து பொறுப்பில் விட்டுப் போனார்.

அங்கேதான் வந்தது வினை. நேற்றுவரை கூடப் பழகி, மாப்ள என்று தோளில் கைபோட்டவர்கள், மறுநாளே அண்ணே என்று எட்டி நின்றார்கள். வாத்தியார் ஆகிவிட்டாரே! வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். மணிக்கட்டைப் பூவைப் போலப் பிடிப்பார்கள். அவர் லேசாகத் திரும்பினால் போதும், தொப்பென்று விழுவார்கள்.

"கெட்டியாப் பிடிங்கப்பா!"

"வாத்தியாரைப் போயி எப்படிண்ணே முறுக்குறது? எங்க கை வெளங்காமப் போயிரும்."

அவருக்கும் முதலில் இதமாகத்தான் இருந்தது. எதிர்த்த டீக்கடை விருமாண்டிதான் ஒருநாள் கேட்டுவிட்டார்: "என்ன மாப்ள, நீ தொட்டாலே விழுறாய்ங்க. நீ கொட்டாவி விட்டா என்ன ஆவாய்ங்க?"

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். ராத்திரி படுத்த பிறகுதான் அது உறுத்தியது. தனக்கு நிசமாகவே வித்தை தெரியுமா, இல்லை இவர்கள் மரியாதையில்தான் வண்டி ஓடுகிறதா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

பிறகு கராத்தே வந்தது. அங்கே ஓடு உடைக்கிறார்கள் என்று ஒவ்வொருத்தராக அந்தப் பக்கம் போனார்கள். எண்பத்தஞ்சில் மிச்சம் மருது ஒருவன்தான். சிம்மக்கல்லில் மூட்டை தூக்குகிறவன். அவனும் ஒரு சாயங்காலம் பையோடு வந்து நின்றான்.

"பேரையூருக்குப் போறேண்ணே. மாமனாருக்கு ஒடம்பு முடியல, தோட்டத்தைப் பாக்கணும். இனி இங்கிட்டு வர முடியாது. ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று குனிந்தான்.

அவர் காலை இழுத்துக்கொண்டார். "கால் வேணாம் மருது. கையைப் பிடி. மூட்டையப் பிடிக்கிற மாதிரிப் பிடி. மரியாதைக்கு விழுந்தா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

பிடித்தான். அம்மாடி, என்ன பிடி! அவர் இடுப்பைத் திருப்பினார், காலை மாற்றினார், மூச்சைக் கட்டினார். மருது அசையவில்லை. அவர் கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டியது. அந்த முகத்தைப் பார்க்க மருதுவுக்குப் பொறுக்கவில்லை. மெல்ல முழங்காலை மடக்கினான்.

"விழாதடா!" என்று கத்தினார். "அப்படியே நில்லுய்யா. கொஞ்ச நேரம்."

நின்றான். பஸ்ஸுக்கு நேரமானதும் கையை விட்டு, "வாரேண்ணே" என்று தலையைக் குனிந்தபடியே போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் எங்கே தவறியது என்று அவருக்குப் பட்டது. முன்காலை இன்னும் கொஞ்சம் உள்ளே வைத்திருக்க வேண்டும். வைத்தார். இடது கையால் தன் வலது மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு, ஆளில்லாத படுதாவில் இடுப்பைத் திருப்பிப் பார்த்தார். சரியா தப்பா என்று சொல்ல அந்தக் கைக்குத் தெரியவில்லை.