அப்பா அடித்த மூன்று புள்ளிகள்

அம்மா மார்க்கெட்டில் மீன் வெட்டும் கத்தி, வானத்திலிருந்து விழுந்த இரும்பில் செய்தது என்று அப்பா சொல்வார். கடற்கரையில் கிடைத்த கல்லைக் கொல்லரிடம் கொடுத்து அடித்து வாங்கினாராம். சின்ன வயதில் நானும் தங்கையும் அதை ஜன்னலில் வைத்து, நட்சத்திரம் வந்ததும் மின்னுகிறதா என்று பார்ப்போம்.

அப்பா இறந்துவிட்டார். நான் இப்போது பம்மலில் உலோகம் சோதிக்கும் லேபில் வேலை செய்கிறேன். விண்கல் இரும்பில் நிக்கல் நிறைய இருக்கும். கத்தியில் அது இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் ஒருநாள், அம்மாவிடம் சொல்லாமல் கத்தியை எடுத்துப் போனேன். சோதிக்கிற இடம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதால், பிடியோரம் கறுத்துக் குழி விழுந்திருந்த இடத்தைப் பழக்கதோஷத்தில் கிரைண்டர் சக்கரத்தில் தேய்த்தேன். மெஷின் நிறைய நிக்கல் காட்டியது. எவர்சில்வரிலும் நிக்கல் உண்டு; ஆனால் அதில் இருக்கும் குரோமியம் இதில் துளியும் இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, அப்பா சொன்னது நெசம்மா!"

அம்மா பிடியோரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். "அவரு சொன்னா நெசந்தான். இங்க மூணு புள்ளி இருந்துச்சே, இன்னாடா பண்ண?"

"எந்தப் புள்ளிம்மா?"

"மார்க்கெட்ல எல்லார் கத்தியும் ஒண்ணா கெடக்கும். என்னுது எனக்குத் தெரியணும்னு உங்கப்பா ஆணி வெச்சி அடிச்சது."

"நான் திரும்ப அடிச்சுத் தர்றேம்மா."

"நீ அடிச்சா அது உன் புள்ளிடா."

திட்டவில்லை. மறுநாள் பிடியில் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.

இப்போதும் லேபில் கிரைண்டரை எடுக்கும் முன், எந்தப் பொருளானாலும் ஒருமுறை கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிடுகிறேன்.