சின்ன மீன்தான்

குளிர் தொடங்கினால் இந்த வளைகுடா நாட்டில், ருவைஸ் கரையோரம் நெய்மீன் வரும். நர்ஸ் வேலையில் லீவு கிடைத்தால் தூண்டிலோடு பாறையில் நிற்பேன். கடற்கரையில் பிறந்தவள் நான். ஆண்கள் முறைத்தால் எனக்கென்ன?

ஒருநாள் எனக்கு மாட்டிய மீன் குறுக்கே ஓடி, பக்கத்திலிருந்த பாகிஸ்தானி டிரைவரின் தூண்டில் நரம்போடு சிக்கிக்கொண்டது. அவருக்கும் மீன் மாட்டியிருந்தது. அவர் தூண்டில் கோல் வில்லாக வளைந்திருந்தது. சண்டைக்குத் தயாரானேன். அவரோ கத்தியை எடுத்துத் தன் நரம்பை அறுத்துவிட்டார்.

“ஐயோ பாய், உங்க மீன் போச்சே!” என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில்.

“சின்ன மீன்தான். ஜல்தி இழுங்க, சிஸ்டர்!”

இழுத்தேன். என் கை நீளத்துக்கு நெய்மீன்.

சின்ன மீனுக்குக் கோல் அப்படி வளையாது.

போன குளிரில் இன்னொருவர் நரம்பு என்னுடையதோடு சிக்கியது. என் கோலும் வளைந்துதான் இருந்தது. கத்தியை எடுத்தேன்.

“சின்ன மீன்தான், இழுங்க பாய்” என்றேன்.