மணிக்கயிறு

கல்லூரியில் நான் படித்த இயற்பியலில் ஒரு குடிகாரன் உண்டு. அடுத்த அடியை எந்தப் பக்கம் வைப்பான் என்று அவனுக்கே தெரியாது. ஆனாலும் எவ்வளவு தூரம் போயிருப்பான் என்று நாம் கணித்துவிடலாம். அவனுக்கு நினைவு வந்துவிட்டால்தான் கணக்கு கெடும். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய், எவ்வளவு நடந்தாலும் தள்ளிப் போகமாட்டான். முறைபிறழ்ந்த விரவல் என்பார்கள். பரீட்சையில் நன்றாகவே எழுதினேன்.

போன மழைக்காலத்தில், நாங்கள் வாழும் பர்மிய நகரத்தின் பபேடான் சந்தையில் என் நான்கு வயது மகள் கையை உதறிவிட்டுக் காணாமல் போனபோது அந்தப் படிப்பு கைகொடுத்தது. அதாவது, நின்று யோசித்தேன். சின்னக் குழந்தை, பக்கத்தில்தான் இருப்பாள். கோயில் வாசல், பலூன் கடை, வெற்றிலைக் கடை, மறுபடி கோயில் வாசல். கன்னத்தில் தனாக்கா பூசிய பிள்ளையைப் பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்டேன். அந்த மரப்பட்டைச் சாந்தைப் பூசாத பிள்ளை அந்தத் தெருவிலேயே கிடையாது.

வெற்றிலைக் கடைக்காரர் பொறுமை இழந்தார். "ஏம்மா, புள்ளைய தேடுறியா, என்னய தேடுறியா?"

"இங்கதாண்ணே இருப்பா..."

"என் சுண்ணாம்பு டப்பாக்குள்ளயா? அந்தக் கோடிக்குப் போய்ப் பாரு தாயி!"

அந்தக் கோடியில் லாரிகள் ஓடும் பெருஞ்சாலை. ஓடினேன். வழியெல்லாம் மாடிகளிலிருந்து தலைகள் நீண்டு, பர்மியத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் கட்டடங்களில் லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், மேல்நுனியில் மணி. கீழே இழுத்தால், மேலே இருப்பவர் சாவியைக் கயிற்றில் கோத்து இறக்குவார். வழி தவறினால் நம் கயிற்றை இழு, அப்பா சாவி இறக்குவார் என்று நான்தான் மகளுக்குச் சொல்லியிருந்தேன். எது நம் கயிறு என்று காட்டினேனா? நினைவில்லை.

திட்டும் தலைகளையே அடையாளமாகப் பிடித்துக்கொண்டு போனேன். சாலைக்கு முந்தைய கடைசிக் கட்டடத்தடியில் நின்றிருந்தாள், கையில் வாழைப்பழம்.

"சாவி இல்லியாம்மா. பழம்தான் இறக்குனாங்க."

அவளைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு மாடியையும் பார்த்து மன்னிப்புக் கேட்டபடி திரும்பினேன். எங்கள் கட்டடம் வந்ததும் இடுப்பிலிருந்து எட்டிச் சரியான கயிற்றை இழுத்தாள்.

மேலேயிருந்து, எட்டிக்கூடப் பார்க்காமல், என் கணவரின் குரல் வந்தது: "மறுபடியுமா? எந்த வீட்டுக் கொரங்குடா அது? ஓடுறியா, எறங்கி வரட்டுமா?"

"அப்பவும் அப்பா இதையேதாம்மா சொன்னாங்க," என்றாள் மகள்.