யூதன் நடை

போன வாரம் பட்டணத்து வாசகசாலையில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையைப் புரட்டினேன். கண் வீங்கி, உதடு கிழிந்து நின்ற ஒரு குத்துச்சண்டைக்காரனின் படம் இருந்தது. யூதனாம். யூதனென்றால் கோழை என்ற கேலி பொறுக்காமல் சண்டைக்கு இறங்கினவனாம். அந்தப் பக்கத்தை மேற்கொண்டு படிக்க முடியவில்லை, சித்தப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

எனக்கு ஒன்பது வயதில், வேகவதி ஆற்று மணலில் கூடாரம் போட்டு ஊமைப்படம் காட்டினார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பிரம்போடு நின்று கதை சொல்லுவார். அன்றைக்கு அமெரிக்கப் படம். அதில் உதை வாங்குவதற்கென்றே ஒரு யூதன்: முதுகில் துணி மூட்டை, காதை மூடும் தொப்பி, முழங்கால்கள் ஒட்டி உரசும் நடை. யாராவது தும்மினால் போதும், பெண்டாட்டிக்குப் பின்னால் போய் ஒளிவான்.

"அந்த ஊர்ல யூத ஆம்பளைங்கன்னா இப்படித்தான்" என்றார் பிரம்புக்காரர். அவர் எத்தனை யூதரைக் கண்டாரோ! நாங்கள் நம்பிவிட்டோம்.

அந்த நடை எனக்குப் பழகினதாக இருந்தது. வீடு வருவதற்குள் பிடிபட்டுவிட்டது. அது சித்தப்பாவின் நடை.

சித்தப்பா ஒல்லி. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீர்ந்ததும், விரலில் சாம்பல் தொட்டு, புதுப் பாவின் இழைகளைப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றும் அறாது. ஆனால் எங்கள் தெருவில் அது பெண்கள் செய்கிற வேலை.

மறுநாள் காலை பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்து நீட்டினார்கள். அதற்குத் தெருவே கூடும். பாவின் ஓரமாக, சினிமா யூதனைப்போல் நடந்து காட்டினேன். யாரென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நுனி பிடித்தவர்கள் சிரித்த சிரிப்பில் பாவே ஆடியது. சித்தப்பாவும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் பெயர் யூதன்.

வைகாசியில் தேர். சித்தப்பா வடம் பிடிக்க வந்தபோது எதிர்வீட்டுக்காரர் வழிமறித்தார்.

"யூதரே, தள்ளி நில்லுபா. தேரு தும்மினா ஒளியறதுக்கு உனக்குப் பொண்டாட்டி கூட இல்லியே."

சித்தப்பா நேரே தேர்ச் சக்கரத்தண்டை போனார். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவனிடமிருந்து கட்டையைப் பிடுங்கிக்கொண்டு குனிந்தார். கட்டையை எப்போது விட வேண்டும் என்பது பழகினவர்களுக்குத்தான் தெரியும். வலக்கையில் நான்கு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிக்கு அப்பா என்னை அழைத்துப் போனார். சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த நடைய நடந்து காட்டும்மா" என்றார். அவரைச் சந்தோஷப்படுத்த, கட்டில்களுக்கு நடுவே ஒரு குறையுமில்லாமல் நடந்தேன்.

"இப்பவும் நான் அவன மாதிரிதான் இருக்கிறனா?"

நன்றாக யோசித்தேன்.

"இல்ல சித்தப்பா. அவனுக்குக் கை நல்லா இருந்துச்சு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். சித்தப்பா இனிமேல் யூதன் இல்லை என்று வழியெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா ஏன் என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.