கேரல் துளை போடச் சொன்ன சுவர்

பெங்களூரு விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னத் தெரு முழுக்கப் புது டிவி கேபிள் இழுத்தார்கள். கேரல் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள். ஏணியோடு நின்றவனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "இடிக்கப்போற வூடுன்னு உங்க தம்பிதான் சொன்னாரு மேடம். சும்மா வேஸ்ட்டா எதுக்கு?" என்றான்.

எப்படி இருக்கிறது கதை. வீட்டுக்குள் ஒருத்தி அடுப்பில் சோறு வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவள் கண்ணில் படவில்லை. என்றைக்கோ வரப்போகிற புல்டோசர் மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. கேரலுக்கு வந்த கோபத்தில் சோறு அடிப்பிடித்தது. தீய்ந்த வாசனையோடு அதையே தின்றுவிட்டு, ஒரு டிஷ் ஆண்டெனா கடைக்குப் போன் போட்டாள்.

கேரல் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு ஹால் நிறைய தையல் மிஷின் ஓடும்போதும் அவள் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும். கல்யாணம் கட்டவில்லை. அப்பா, அம்மா இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். தம்பி க்ளென் அப்போது துபாயில் இருந்தான். இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் அபார்ட்மெண்ட். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. பில்டருக்குக் கொடுத்துவிடலாம், அக்கா தன்னோடு வந்து இருக்கலாம் என்பது அவன் யோசனை. அந்த இருப்பு எப்படி இருக்கும் என்று கேரலுக்குத் தெரியும். பிள்ளைகள் படிக்கும் அறையில் ஒரு மடக்குக் கட்டில். ஹாக்கி மேட்ச் பார்க்க வேண்டுமானால்கூட ரிமோட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அதனால்தான் அவள் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் க்ளென் அவளை மடக்கி வைத்திருந்தான். அதுதான் அந்தச் சுவர்.

அவர்கள் அப்பா தாஸ் கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கத்துக்குள் இறங்கினால் முதல் வேலை தலைக்கு மேலே இருக்கும் பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது. கிண்ணென்றால் நிற்கலாம், பொத்தென்றால் ஓட வேண்டும். வேலையை விட்டு வந்த பிறகும் அந்த மனுஷனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை; அந்தக் கம்பியும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. க்ளெனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், காபி வருவதற்குள் எழுந்து சம்பந்தி வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தவர் அவர். பிள்ளைகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. படித்து, கோட்டுப் போட்டு, வெளிநாடு போய் வந்த க்ளெனும் எந்த வீட்டுக்குப் போனாலும் விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவான்.

இந்த வீட்டை அப்பா பழசாகவே வாங்கினார். பின்னறையில் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன ஒரு மர அலமாரி, வாசல் வழியாக வெளியே போகாத அளவு பெரியது, சுவரோடு சுவராக நின்றது. கரையான் தின்று அது ஒரு நாள் உட்கார்ந்துவிட்டது. துண்டு துண்டாக அள்ளிப் போட்ட அன்றைக்கு க்ளென் அந்தச் சுவரைத் தட்டினான். பொத்து. மேலே, கீழே, பொத்து பொத்து.

"அக்கா, உள்ள ஒண்ணுமில்ல, கூடா போச்சு. என்னைக்காவது உன் தலை மேல வரும்" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. கேரலும் தட்டிப் பார்த்தாள். அவளும் தாஸ் மகள்தானே, அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் அவளுக்கும் தெரியும். அன்றைக்கே கட்டிலை இழுத்துச் சமையலறை வாசலில் போட்டாள். இரண்டு வருஷமாக அங்கேதான் படுக்கை. மழை பெய்தால் தூக்கம் கிடையாது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டவும் பயம். அவரும் ஆமாம் என்றுவிட்டால் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

டிஷ் மாட்ட வந்தவர் பெயர் சண்முகம், நீலசந்திராக்காரர். வீட்டைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தார். முன்பக்கம் அபார்ட்மெண்ட் வானத்தை அடைத்துக்கொண்டிருந்தது. மேலே ஓடு, அதில் டிஷ் நிற்காது. பக்கத்து வீட்டை இடித்துவிட்டதால் பின்னறைப் பக்கம் மட்டும் திறந்த வானம். அந்தப் பக்கத்துக் கல் மூலையில் டிஷ்ஷை மாட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"வயர் இந்தச் சுவத்து வழியாதான் மேடம் வரணும்" என்று சொல்லிக்கொண்டே தட்டியவர் கையை எடுத்துக்கொண்டார். "இது இன்னா மேடம், இப்டி சவுண்டு வருது? பேஜாராயிடும். சுத்திக் கொண்டாந்து முன்னாடி ஜன்னல்ல வுட்டுடறேன்."

"ஜன்னல்ல வயர் வுடறது நாளைக்குக் காலி பண்றவங்க செய்யற வேலை" என்றாள் கேரல். "நான் எங்கியும் போகல. சுவத்துலயே போடுங்க."

"வுழுந்துச்சுன்னா?"

"வுழட்டும். நான் தூங்கறப்ப வுழறதுக்கு, பட்டப்பகல்ல நான் பாக்கறப்பவே வுழட்டும். நீங்க வெளிய நின்னு போடுங்க, நான் உள்ள நிக்கறேன்."

சொல்லிவிட்டு க்ளெனுக்குப் போன் செய்தாள். "அந்தப் பின்னறைச் சுவத்துல ஓட்டை போடறேன்டா."

"அக்கா, உனக்கு இன்னா பைத்தியமா? தொடாத. இதோ வர்றேன்."

"வா. நீ வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

வெளியே டிரில் இரைய ஆரம்பித்தது. கேரல் அப்பாவின் கம்பியை ஊன்றிக்கொண்டு அறை நடுவில் நின்றாள். தலையில் காரைத் தூசி உதிர்ந்தும் அவள் நகரவில்லை. துளை விழுந்தது, முனை உள்ளே எட்டிப் பார்த்தது, சுவர் அப்படியே நின்றது.

சண்முகம் டிரில்லோடு உள்ளே ஓடி வந்தார். "மேடம், செங்கல் ஒரு வரிசைதான். அப்பறம் சும்மா காத்து. அப்பறம் மரத்தூள் வருது. சுவத்துக்குள்ள மரம் எப்டி?"

கேரல் கம்பியை ஓங்கிப் பூச்சில் ஒரு போடு போட்டாள். பாளம் பாளமாகக் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே மரச்சட்டம். சட்டத்தில் சாத்திய கதவுகள், ஒரு பக்கம் பிளந்து, பின்னால் துருப்பிடித்த கம்பிகள். பழைய சொந்தக்காரருக்குப் பக்கத்து வீட்டோடு என்ன சண்டையோ, வெளியே ஒரு வரிசைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே கதவைச் சாத்தி மேலே பூசி, முன்னால் அலமாரியை நிறுத்தியிருக்கிறார். சுவர் கூடாகவில்லை. அது ஜன்னல்.

கேரல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷமா என்றால் இல்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு ஜன்னலுக்குப் பயந்தா இத்தனை மழைக்கு முழித்துக் கிடந்தேன் என்று ஆத்திர ஆத்திரமாக வந்தது.

க்ளென் வந்து சேர்ந்தபோது டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் டிவியைப் பார்க்கவில்லை. கம்பியை வாங்கிச் சட்டத்தைச் சுற்றித் தட்டினான். மேலே கிண், கீழே கிண், இரண்டு பக்கமும் கிண்.

"நிஜமா பயந்துதான்க்கா சொன்னேன்."

"தெரியும்டா. அதுக்கு மேல நான் பயந்தேன். ஆனா இனிமே வுழும்னு சொல்லாத. விக்கணும்னா விக்கணும்னு சொல்லு. நான் முடியாதுன்னு சொல்றேன்."

க்ளென் கம்பியை மூலையில் சாய்த்து வைத்தான். "பில்டர்கிட்ட இன்னான்னு சொல்றது?"

"ஜன்னல் தொறக்கறோம்னு சொல்லு."

கேரல் சமையலறை வாசலுக்குப் போய்க் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தாள். "சும்மா நிக்காத, அந்தப் பக்கம் புடி." அக்காவும் தம்பியும் கட்டிலைத் தூக்கி வந்து அந்தச் சுவரை ஒட்டிப் போட்டார்கள். காரைத் தூசியைத் தட்டிவிட்டு கேரல் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். யாரையும் கேட்காமல் ரிமோட்டை எடுத்தாள்.